மூன்று மிதி

விழுப்புரம் லாரிக்காரர்களுக்குப் பாண்டுரங்கனின் முகத்தைவிட அவருடைய வலது காலை நன்றாகத் தெரியும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் ஒரு மிதி மிதித்தால் இவர் மூன்று மிதிப்பார். முதல் மிதி தூங்குகிற ஆயிலை எழுப்ப. இரண்டாவது, அது எழுந்துவிட்டதா என்று விசாரிக்க. மூன்றாவதுதான் வண்டியை நிறுத்த. “பாண்டு அண்ணன் லாரியா ஓட்டுறாரு? ஜாக்கெட்டு தெச்சிக்கினு இல்ல போறாரு” என்று கோலியனூர் கூட்டுரோட்டு டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் டீயை ஊதிக்கொண்டே, “அளவு ஜாக்கெட்டு எடுத்துக்கினு வா, உனக்கும் ஒண்ணு தெச்சுத் தர்றேன்” என்பார்.

சிரிப்பு இருக்கட்டும். அவருடையது முன்னால் மூக்கு நீண்ட பழைய லாரி, பிறந்ததிலிருந்தே ஆயில் பிரேக். பெடலை மிதித்தால் குழாய்க்குள் இருக்கிற ஆயில் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். குழாயில் எங்கேயாவது ஒரு பொட்டுக் காற்று புகுந்திருந்தால், முதல் மிதி இலவம்பஞ்சு மெத்தையில் கால் வைத்ததுபோலப் போய்விடும். அடித்து அடித்துத்தான் பெடலைக் கெட்டியாக்க வேண்டும். இதை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, பயம் சொல்லித் தந்தது. பயம் நடத்துகிற பாடம் தலைக்குப் போவதில்லை. நேராகக் காலுக்குப் போய் அங்கேயே குடியிருந்துவிடும்.

முகையூர் பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிர் செய்கிற குடும்பம் அவருடையது. நிலத்தின் மேல் அவருக்கு இருந்த ஒரே குறை, அது நகருவதில்லை என்பதுதான். அண்ணன்மாரிடம் ஏரைக் கொடுத்துவிட்டு, திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு லோடு ஏற்றும் வண்டியில் தொற்றியவர், காலம் போனபின் சொந்தமாக இந்த மூக்கு லாரியை வாங்கினார். உயிருள்ள எதையும் அவர் வண்டி தொட்டதில்லை. இடித்ததெல்லாம் ஒரு பூசணிக்காய் வண்டியும் ஒரு கட்சிக் கொடிக்கம்பமும். வாழ்க்கையே உருண்டு ரோட்டில் போன பூசணிக்காரர், “பரவால்ல வுடுண்ணே” என்று பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். கொடிக்கம்பத்துக்குத்தான் பஞ்சாயத்து நடந்தது.

கடைசிக் காலத்தில் வண்டிக்கு வேலை கொடுத்தது திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கிற ஒரு கருங்கல் குவாரி. குழிக்குள் இறங்கிக் கல்லை ஏற்றி, மேலே இருக்கிற கிரஷரில் கொட்ட வேண்டும். இந்த வயசான வண்டியை ஹைவேயில் வாடகைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. குழி ஒன்றுதான் வயசு பார்க்காமல் சேர்த்துக்கொண்டது. குவாரி மேனேஜர் சீனுவாசன் அரசியலுக்குப் போக ஆசைப்பட்டு இங்கே வந்துவிட்டவர். வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு இடத்திலும் குழி தோண்டுவதுதான்.

போன ஐப்பசி மழையில் அது நடந்தது. காலி வண்டி குழிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் மிதித்தார். முதல் மிதி போனது. வழக்கம்தானே. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் தரையைத் தொட்டது. அப்புறம் எத்தனை மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. எங்கேயோ குழாய் விட்டு, ஆயில் எல்லாம் சரிவில் கோடு போட்டுக்கொண்டு முன்னாலேயே இறங்கிப் போயிருந்தது. வண்டி கீழே இருந்த மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது.

மேட்டின் நிழலில்தான் கல் உடைக்கிற பெண்கள் சாப்பாட்டுப் பை வைப்பது வழக்கம். கோவிந்தம்மாள் சக்கரத்துக்கு அடியிலிருந்து தன் சோத்து டப்பாவை இழுத்தெடுத்தாள். அது தட்டாகியிருந்தது.

“தண்ணி மொண்டுக்கினு வரலாம்னு இப்பத்தான் எழுந்து போனேன் பாண்டு அண்ணே. இல்லாட்டி டப்பா எது, நான் எதுன்னு நீ பிரிச்சு எடுத்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள். பாண்டுரங்கன் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவள் திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்.

சீனுவாசன் அன்றைக்கே சட்டம் போட்டார். “ஆயில் பிரேக் வண்டி இனிமே என் குழிக்குள்ள எறங்காது. ஏர் பிரேக்கா மாத்திக்கினு வா. லோடோட சரிவுல எறங்கி, நான் கைய காட்டுற எடத்துல நிறுத்து. நின்னா வேலை. நிக்கலன்னா வண்டிய எடைக்குப் போட்டுட்டு ஊட்ல உக்காரு.”

திண்டிவனத்தில் தேவசகாயம் பட்டறைக்கு மூக்கு லாரி போய்ச் சேர்ந்தது. தேவசகாயம் கவிழ்ந்துபோன லாரிகளின் நல்ல உறுப்புகளைப் பழைய லாரிகளுக்கு மாற்றி வைக்கிறவர். எங்கேயோ கவிழ்ந்த ஒரு வண்டியின் இரண்டு அச்சையும் சக்கரத்தோடு தூக்கி வைத்தார். இன்ஜின் பக்கத்தில் காற்றை அடித்து அழுத்துகிற கம்ப்ரஸர், சேஸுக்கு அடியில் காற்று டேங்குகள், டிரைவர் முகத்துக்கு நேரே காற்றழுத்தம் காட்டுகிற முள். ஆயில் பிரேக் சாமான் எல்லாம் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கட்டியாயிற்று. பாண்டுரங்கன் அந்தச் சாக்கைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

“நல்லா கேட்டுக்கோங்கண்ணே” என்றார் தேவசகாயம், கையைத் துடைத்துக்கொண்டே. “ஆயில் பிரேக்ல அடிக்க அடிக்க ஏறும். இதுல அடிக்க அடிக்க எறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்க்ல இருக்கிற காத்து புஸ்ஸுனு வெளிய போய்க்கினே இருக்கும். ஒரே மிதி. மிதிச்சு அப்படியே வெச்சிருக்கணும்.”

“காத்து காலியாச்சுன்னா?”

“மொதல்ல பஸ்ஸர் கத்தும். அதுக்கும் மசியலன்னா, பின் சக்கரத்துல ஸ்பிரிங் இருக்குது, அதுவே கப்புனு புடிச்சுக்கும். அப்புறம் நீங்க பொரண்டு படுத்து அழுதாலும் வண்டி நகராது.”

பாண்டுரங்கன் ஏறி உட்கார்ந்து பட்டறை வாசல் வரை ஓட்டி, நிறுத்திக் காட்டினார். புஸ், புஸ், புஸ்.

தேவசகாயம் ஜன்னலோரம் வந்து நின்றார். “அண்ணே, வண்டிக்கு எல்லாத்தையும் மாத்திட்டேன். உங்க காலுக்கு ஸ்பேர் என்கிட்ட இல்ல.”

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் அன்றைக்கு விக்கிரவாண்டி டோலை அடைத்துக்கொண்டு நின்றது. பாண்டுரங்கனுக்கு இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. வரிசையில் நின்றால் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிடுவார். முன்னால் கார் நகர்ந்தால் பிரேக்கை விட்டு, இறக்கமாக இருக்கிற இடத்தில் சும்மாவே உருட்டிக்கொண்டு போவார். இன்ஜின் ஓடினால்தான் கம்ப்ரஸர் காற்று அடிக்கும் என்பதை மூளை கேட்டு வைத்திருந்தது. காலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஒரு சாண் உருளுவார், மூன்று மிதி. இன்னொரு சாண், இன்னும் மூன்று. பூத்துக்கு நேராக வந்தபோது பஸ்ஸர் கத்தியது. கத்தி முடிப்பதற்குள் பின் சக்கரம் இரண்டு பக்கமும் இறுகிக்கொண்டது.

ஆயில் பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. ஏர் பிரேக் கெட்டால் வண்டி நகராது. இரண்டாவது வகைக் கோளாறுக்கு விழுப்புரம் மாவட்டத்தின் முதல் பாராட்டு அங்கேதான் கிடைத்தது. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. கூடையில் அவித்த வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கிற ஒரு அம்மாள் மட்டும் கேபின் பக்கம் நிமிர்ந்து பார்த்து, “இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நில்லுண்ணே, கூடை காலியாயிடும்” என்றாள்.

“இன்னா பெருசு, வண்டி ஃபெயிலா?” என்று டோல் பையன் கேட்டான்.

“வண்டி நல்லாத்தான் இருக்குது” என்றார் பாண்டுரங்கன். அதைச் சொல்லும்போதுதான் அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். வண்டி நன்றாக இருக்கிறது என்றால், கெட்டது எது?

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மனைவி கிருஷ்ணவேணிக்குத் தெரிந்துவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தரையில் இல்லாத ஒரு பெடலை ஒரே ஒரு தடவை மிதித்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். கால் மூன்று தடவை மிதித்தது.

“இன்னாங்க, காலு இழுத்துக்கினு இருக்குதா?”

விஷயம் முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டாள். கிளீனர் வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை, இருந்தவர்கள் எல்லாம் பைக்கில் சோறு டெலிவரி செய்யப் போய்விட்டார்கள். அதனால் மறுநாள் காலையில் கிளீனர் சீட்டில் கிருஷ்ணவேணி ஏறி உட்கார்ந்தாள், கையில் மோர் கடைகிற மத்து. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முள் எந்த இடத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று கேட்டு, முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த இடத்தில் ஒட்டினாள்.

“முள்ளு பொட்டத் தொட்டுச்சுன்னா மத்து உன் முட்டியத் தொடும்” என்றாள். வெளியில் நாலு பேர் முன்னால் அவள் “ஏங்க” என்பாள், “வாங்க” என்பாள். கேபின் கதவைச் சாத்தினால் அந்த மரியாதை எல்லாம் வெளியே நின்றுவிடும்.

பழகுவதற்கு ஊருக்கு வெளியே ஒரு சாலை கிடைத்தது. பாதி போட்டு, அடிக்கல் மட்டும் இரண்டு தடவை நாட்டி, மீதி மறந்துபோன பைபாஸ். அதை வீணாக்க மனமில்லாத ஜனங்கள் நெல் காய வைத்திருந்தார்கள். நெல்லுக்கு நடுவே ஓடையாக விட்ட இடத்தில் மூக்கு லாரி போவதும் நிற்பதுமாக இருந்தது.

“மிதி. வுடாத. வுடாதய்யா யோவ்.”

புஸ், புஸ்.

மத்து முட்டியில் விழுந்தது.

“வலிக்குதுடி.”

“உனக்கு வலிக்கணும்னுதான் அடிக்கிறேன். மறுபடியும் எடு.”

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண், “யக்கா, இன்னாத்துக்கு அவரப் போட்டு அடிக்கிற?” என்று கேட்டாள். கிருஷ்ணவேணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “லைசென்ஸ் எடுக்க வந்திருக்காரும்மா” என்றாள்.

ஒரு வாரத்தில் கால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தது. இன்னும் சில நாளில் ஒன்றுக்கும் வந்தது. சமதரையில், எதிரில் ஒன்றும் இல்லாதபோது, மத்து மடியில் இருக்கும்போது, அந்தக் கால் உலகத்திலேயே ஒழுக்கமான கால். ஒரு நாள் நெல்லைத் தின்ன வந்த ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. கிருஷ்ணவேணி கத்தவும் இல்லை, மத்தைத் தூக்கவும் இல்லை. புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் கேட்டது. ஆடு தப்பியது. இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது பொட்டுக்கு மேலேதான் இருந்தது.

“ஆடுதானே” என்றாள் அவள்.

“ம்” என்றார் அவர்.

சரிவில் இறங்க வேண்டிய நாள் வந்தது. சீனுவாசன் பெரிய அதிகாரி மாதிரி தொப்பி போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைச் சரிவின் பாதியில், ஓரமாக, பாறையோடு ஒட்டிப் போட்டிருந்தார். பின்னால் மூன்று நான்கு லாரிக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கிருஷ்ணவேணியைப் பார்த்ததும் ஒருவன், “இன்னா பாண்டு அண்ணே, பிரேக்க ஊட்லருந்தே கூட்டிக்கினு வந்துட்டியா” என்றான். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே மத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள்.

கீழே குழியில் பெண்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் ஒதுங்கச் சொல்லியிருந்தது. ஒதுங்குவது என்றால் குழியில் எங்கே போவது? பாறைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்கள். மஞ்சள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றவள் கோவிந்தம்மாள் என்று மேலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

வண்டி நிறையக் கல். இரண்டாவது கியர். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. முள் பொட்டுக்கு நன்றாக மேலே நின்றது. பாண்டுரங்கன் ஒரே மிதி மிதித்து, காலை அப்படியே வைத்துக்கொண்டு, சரிவில் இறக்கினார். கால் அசையவில்லை. கிருஷ்ணவேணி மத்தைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அப்போது கீழே பொக்லைன் திரும்பியது. அதன் ஓட்டுநருக்கு இப்படி ஒரு சோதனை நடப்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் தொப்பி போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நீண்ட இரும்புக் கை சரிவுக்குக் குறுக்கே வந்தது. சுவரோரம் நின்ற பெண்கள் அதற்கு வழிவிடச் சரிவின் நடுவுக்கு ஓடிவந்தார்கள். மஞ்சள் துணியும் ஓடிவந்தது.

வண்டிக்குள் புஸ், புஸ், புஸ். அப்புறம் எண்ணிக்கையே இல்லை. மத்து முட்டியில் விழுந்தது, தொடையில் விழுந்தது, காலுக்குக் காது கேட்கவில்லை. “யோவ், முள்ளு, முள்ளு” என்றாள் கிருஷ்ணவேணி. முள் பொட்டைத் தொட்டு, பொட்டுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் இறங்கியது. பஸ்ஸர் கத்தியது. பின் சக்கரங்கள் ஒரு தடவை முனகின. வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. கல் எல்லாம் முன்னால் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

நின்ற இடம் சீனுவாசனின் நாற்காலிக்கு நேராக இருந்தது. அவர் கை காட்ட நினைத்திருந்த அதே இடம். கையைத்தான் இன்னும் தூக்கவில்லை.

முதலில் கைதட்டியது கேலி செய்த அந்த லாரிக்காரன்தான். சீனுவாசன் எழுந்து வந்து மூக்கு லாரியின் மூக்கில் தட்டினார். “கல்லு மாதிரி நின்னுச்சுய்யா. லோடோட, இந்தச் சரிவுல. நாளைக்கே வேலைக்கு வந்துடு. இந்த வண்டியக் காட்டித்தான் மத்தவங்களுக்குச் சொல்லப் போறேன்.”

கோவிந்தம்மாளும் கீழேயிருந்து கையை உயர்த்தி ஆட்டினாள். நடுவில் நின்றிருந்த பெண்கள் அவரவர் இடத்துக்குச் சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

பாண்டுரங்கன் கை பிரேக் லீவரை இழுத்து விட்டார். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கிக் காற்று ஏறக் காத்திருந்தார். முள் பொட்டைத் தாண்டி மேலே வர வேண்டும், அதுவரைக்கும் செய்ய ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க வண்டியை நிறுத்தியவர் அவர். இன்றைக்கு, லோடோடு இறங்குகிற ஓட்டத்தில் முதல் தடவையாக, வண்டி அவரை நிறுத்தியிருந்தது. ஸ்பிரிங் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால்? இன்னும் கீழே, இன்னும் செங்குத்தான இடத்தில், லோடு இன்னும் கூடுதலாக இருந்து, இந்தக் கால் எல்லாக் காற்றையும் ஊதித் தள்ளியபின் ஸ்பிரிங்கின் பிடி மட்டும் போதாமல் போயிருந்தால்? இந்த ஒரு தடவை வண்டி பார்த்துக்கொண்டது. நாளைக்கு இப்படி எத்தனை இறக்கம்?

“பாஸாயிட்டோம்” என்றாள் கிருஷ்ணவேணி. அவள் குரலில் சந்தோஷம் இல்லை. மத்தைக் கால்மாட்டில் போட்டுவிட்டாள்.

“நீயும் பாத்தல்ல.”

“பாத்தேன்.”

“நிறுத்துனது நான் இல்ல.”

வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வீம்புக்காகவே கீழே இறக்கியிருப்பார். போ என்று சொல்லியிருந்தாலும் இறக்கியிருப்பார். அவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதால், முடிவு செய்கிற வேலை முழுவதும் அவர் தலையிலேயே விழுந்தது.

முள் ஏறியது. பாண்டுரங்கன் ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

லோடு வண்டி அழுதுகொண்டே பின்னால் மேலே ஏறுவதைப் பார்த்துச் சீனுவாசன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். “யோவ், கீழ எறங்குய்யா. பாஸ் பண்ண ஆளு இன்னாத்துக்குய்யா ரிவர்ஸ்ல போற? பேஜாரு புடிச்ச ஆளா இருக்கியே.”

மேலே வந்து வண்டியை ஓரமாக நிறுத்தி, பாண்டுரங்கன் இறங்கி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“வண்டி பாஸுங்க. ஓட்டுனவன் ஃபெயிலு. வேற டிரைவர் வருவான்.”

“நின்னுச்சேய்யா. என் கண்ணால பாத்தேன்.”

“நான் நிறுத்தலீங்க. அதுவா நின்னுச்சு.”

“எவன் நிறுத்துனா இன்னா? நின்னுச்சா இல்லியா?” சீனுவாசனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் சேர ஆசைப்பட்ட கட்சியிலும் அப்படித்தான் எல்லாம் நடந்தது. அதனதன் பாட்டுக்கு நடக்கும், கையைக் காட்டியவர் பேரில் போட்டுக்கொள்ள வேண்டும். “இந்த வயசுல உனக்கு வேற எவன்யா வேலை குடுப்பான்?”

கிருஷ்ணவேணி கேபினிலிருந்து இறங்கி, வெளியில் பேசுகிற குரலில், “ஏங்க, வெயில்ல நிக்காதீங்க, வாங்க” என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து பொம்மையார்பாளையத்துப் பையன் சந்தோஷ் மூக்கு லாரியை ஓட்டுகிறான். குடும்பத்தில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு அலை ஒத்துக்கொள்ளாமல் கரைக்கு வந்து, கம்பெனி லாரியில் ஓட்டப் படித்தவன். ஆயில் பிரேக் என்ற ஒன்றை அவன் கண்ணாலும் பார்த்ததில்லை. ஒரே மிதி, அதுவும் பாட்டுக் கேட்டுக்கொண்டே. அவனிடம் சொல்வதற்குப் பாண்டுரங்கனிடம் ஒன்றும் இல்லை, அவனும் கேட்பதில்லை.

வீட்டில் உட்கார முடியாமல் சில நாட்கள் அவரும் அந்த வண்டியிலேயே குவாரிக்குப் போய் மேலேயே இறங்கிக்கொள்வார். வண்டி சரிவில் இறங்கும்போது மட்டும் கிரஷர் பக்கம் திரும்பி நின்று ஜல்லி விழுவதைப் பார்ப்பார். அப்படி ஒரு நாள் தண்ணீர் எடுக்க மேலே வந்த கோவிந்தம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா பாண்டு அண்ணே, பாஸ் பண்ணிட்டு வண்டிய வுட்டுட்டியாம்? இவ்வளவு பேரு முன்னாடி அப்படி நிறுத்திக் காட்டுன. பொம்பளைங்க நாங்க பேசிக்கினே இருந்தோம், பாண்டு அண்ணன் மட்டும் இல்லாட்டி அன்னிக்கு அவ்வளவுதான்னு.”

பாண்டுரங்கன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “காலு சரியில்லம்மா” என்றார்.

“அத மொதல்லயே சொல்றதுதானே. எங்க ஊட்டுக்காரருக்கும் இதேதான். முட்டிக்குக் கீழ ஒரு நரம்பு.” அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரிலேயே குந்தி உட்கார்ந்தாள். எந்த ஊர் வைத்தியர், எந்தக் கிழமை போக வேண்டும், எந்த இலையை வதக்கி எப்படிக் கட்ட வேண்டும், கட்டியபிறகு எதைத் தின்னக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் ஒரு வார்த்தை விடாமல், தலையாட்டிக்கொண்டே, கடைசிவரை கேட்டார்.